நிறுத்தாமல் நாற்பது நிமிடம்

"சட்டையையும் கழட்டணுமா, டாக்டரம்மா? உன் டீச்சர் பாக்கப்போற வீடியோ. எனக்கு வெக்கமா இருக்கு."

கணவன் வெர்லின் இதை அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னானா, இல்லை அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சொன்னானா என்று கென்ட்ராவுக்கு இப்போது நிச்சயமில்லை. அந்த ஜூலை மாதத்து ஞாயிறுகள் நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சமையலறை மேசைமேல் போர்வை விரித்து, அதன்மேல் அவன் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது மட்டும் தெளிவாக இருக்கிறது.

"டாக்டரம்மா இல்ல. மருந்து எழுதிக் குடுக்கிற நர்ஸ். அதுவும் இன்னிக்கு இது ஒழுங்கா முடிஞ்சாத்தான்."

அவன் சட்டையைக் கழற்றினான். அவள் ஒரு கணம் பார்த்தாள்.

"இளைச்சுட்டியே."

"மூணு வேளையும் டப்பா சூப்பைக் குடிச்சா நீயும்தான் இளைப்பே."

சமைக்க அவளுக்கு நேரமில்லை. வாரத்தில் மூன்று நாள் தொலைவிலுள்ள மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேர வேலை; மீதி நாட்களெல்லாம் மடிக்கணினியோடு கழிந்தன. அவள் படிக்கும் பல்கலைக்கழகம் இரண்டு மாநிலங்கள் தள்ளி இருந்தது. அதன் வாசலைக்கூட அவள் பார்த்ததில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மூலையில் நான்கு வருடமாக டாக்டரே கிடையாது. அவள் தேறி வந்தால் பூட்டிக் கிடக்கும் கிளினிக்கைத் திறந்து கொடுப்பதாக ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

இந்தப் பாடத்தில் அவள் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். மறுபடி தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஒரு மனிதரைத் தலை முதல் கால் வரை பரிசோதிக்க வேண்டும். கண்டதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாற்பது நிமிடம், நடுவில் நிறுத்தவோ வெட்டவோ கூடாது. அந்த வீடியோ அன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அவர்கள் வீட்டு இணையத்தில் அனுப்பவே இரண்டு மணி நேரம் ஆகும்.

முதல் ஞாயிறு அவன் கூச்சத்தில் சிரித்துப் புரண்டான். திரும்ப எடுத்தாள், திரும்பவும் புரண்டான். வேலைக்கு நேரமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு பாதியில் எழுந்து, கன்றுக்குட்டி வேலி தாண்டிவிட்டதென்று ஓடினான். இருட்டின பிறகுதான் வந்தான். இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை.

"இன்னிக்கும் கோமாளித்தனம் பண்ணினே, நாலு வருஷம் போச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கன்னுக்குட்டி பின்னாடி ஓடினியா?"

"வேலியைத் தாண்டிடுச்சு. பின்ன என்ன செய்ய?"

"வேலியை நான் போய்ப் பாத்தேன், வெர்லின். ஒரு கம்பிகூட விலகல."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"நான் தேறினா உனக்கு என்ன குறைஞ்சுபோகும்? வாயைத் திறந்து சொல்லேன்."

"ஒண்ணும் குறையாது."

"வேற ஆளைக் கூப்பிட்டிருக்கணும்."

"யாரை? அறுபது மைல் சுத்துவட்டாரத்துல என் மாடுங்களை விட்டா உனக்கு யாரு இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. அவன் மெதுவாகப் படுத்துக்கொண்டான்.

"சரி, ஆரம்பி. இன்னிக்கு அசைய மாட்டேன்."

கேமராவை இயக்கினாள். கண், தொண்டை, கழுத்து, இதயம், நுரையீரல். மூன்று மாதமாக வேலைக்குக் காரோட்டிப் போகும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்த வாக்கியங்கள் தாமாகவே வந்தன. இயல்பு. இயல்பு. அவன் மரக்கட்டை மாதிரி கிடந்தான்.

வயிற்றுக்கு வந்தாள்.

"மூச்சை நல்லா இழு."

இழுத்தான். வலது விலாவுக்குக் கீழே மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் அவள் விரல்நுனியில் ஏதோ இடித்தது. கெட்டியாக, கரடுமுரடாக, வீங்கிப்போன கல்லீரலின் விளிம்பு. விலாவிலிருந்து அளந்தாள். ஒரு விரல், இரண்டு, மூன்று, நான்கு.

"கல்லீரல் கைக்குத் தட்டுப்படவில்லை. இயல்பு," என்றது அவள் வாய்.

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. திருத்திச் சொல்லலாம். ஆனால் அவனுக்குக் காது இருக்கிறது. இப்படி, ஒரு கேமராவுக்குச் சொல்வதுபோல, அவனுக்கு இதைத் தெரிவிக்க முடியுமா? கையை எடுக்காமல் நின்றாள். அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு முழங்கால். கணுக்கால். பாதம். இயல்பு, இயல்பு, இயல்பு.

கேமராவை அணைத்தாள்.

வெர்லின் எழுந்து உட்கார்ந்து சட்டையை மாட்டிப் பொத்தான்களைப் போட்டான்.

"எத்தனை விரல்?"

அவள் கேமரா மூடியைத் தேடினாள்.

"சொல்லு கென்ட்ரா. எத்தனை?"

"நாலு."

"மார்ச்சுல ஓமாஹா ஊர் டாக்டர் தொட்டுப் பாத்தப்ப ரெண்டுதான் இருந்துச்சு," என்றான். "கேன்சர், இனி வைத்தியம் பண்ணினாலும் பலனில்லைன்னுட்டார். உனக்குத் தெரிஞ்சா அன்னிக்கே படிப்பை விட்டிருப்பே. உக்காரு, மொதல்ல அதை அனுப்பு."

வீடியோ நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. தொண்ணூற்றாறு மதிப்பெண் வந்தது. வெர்லின் அக்டோபரில் இறந்தான். மாடுகளை அவன் தம்பி ஓட்டிக்கொண்டு போனான். கென்ட்ரா அடுத்த வருடம் தேறினாள். அந்தக் கிளினிக்கில் இப்போதும் அவள்தான் இருக்கிறாள்.