அரிதாரக் கைநாட்டு

நெய்யாற்றங்கரைத் தாலுகா கச்சேரி குமாஸ்தா தாணுலிங்கம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைத் தேடித் தேடி வாங்குவார். முதல் பதிப்பாக இருக்கவேண்டும், நடிகரின் கையெழுத்தும் வேண்டும். பாலராமபுரம் சந்தையில் கிடைத்த ஒன்றில் மட்டும் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. பாலர் நாடகக் கம்பெனியில் சீதை வேஷம் கட்டிய சின்னப் பையன், எழுதத் தெரியாமல், அரிதாரத்தைத் தொட்டுக் கட்டைவிரலைப் பதித்திருந்தான். பாறசாலையில் நாடகம் முடிந்த வாரமே காலராவில் போய்விட்டான்.

“அவன் அழுதா கொட்டகையே சேந்து அழும், கேட்டியா?” என்று தாணுலிங்கம் மனைவி கோமளவல்லியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

சரஸ்வதி பூஜைதோறும் அந்தப் புத்தகத்தை விரித்து வைப்பார். ஒவ்வொரு பூஜைக்கும் கைநாட்டு கொஞ்சம் பெரிதாகியிருக்கும். அவருக்கு அதில் ஆச்சரியமில்லை. அப்பேர்ப்பட்ட நடிகன் வளராமல் இருப்பானா?

இந்த வருஷம் புத்தகத்தை விரித்தது கோமளவல்லி.

“இஞ்ச வந்து பாருங்க.”

கைநாட்டு தாணுலிங்கத்தின் கட்டைவிரல் அளவுக்கு வளர்ந்திருந்தது. அதை ஒட்டி, அரிதாரத்தின் ஈரம் காயாமல், உளுந்து அளவில் இன்னொரு கைநாட்டு.

தாணுலிங்கம் குனிந்து பார்த்தார். பிறகு வழக்கம்போல அட்டையை மூடப்போனார். கோமளவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மூடாதீங்க. பச்சப் பிள்ளையாக்கும், மூச்சு முட்டும்.”