அறுபது அடி

மத்தியானச் சாப்பாட்டுக்குள் பத்துக்குப் பத்து அடி கான்கிரீட் பெயர வேண்டும். பெயர்ந்தால் சங்கிலியம்மாள் கூட்டத்துக்கு மூன்று மாத வேலை. பெயராவிட்டால் மதுரையிலிருந்து மிஷின் வரும்.

இன்ஜினியர் சூரியபிரகாஷ் காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஓடைப்பட்டிக்கு அந்தப் பக்கம் கிடந்த பழைய மிலிட்டரி விமானத் தளம் அது. ஊர்க்காரர்கள் வாயில் அது பிளேன் ரோடு. பட்டாளம் காலி பண்ணிப் போய் இருபத்தைந்து வருடம். இப்போது தொழிற்பேட்டை வருகிறது. திராட்சைக்குக் குளிர்பதனக் கிடங்கு, மசாலா கம்பெனி, நூல் மில். முதலில் ஓடுபாதையை உடைத்து ஜல்லியாக்க வேண்டும்.

சங்கிலியம்மாள் பத்து வருடமாக விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். மகள் ஓவியா காலையில் என்ன தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று அவள் கண்டதில்லை.

முதல் இரண்டு மணி நேரம் இன்ஜினியர் சொன்னபடி சதுரத்தின் நடுவில் அடித்தார்கள். சம்மட்டி துள்ளியது. காசளவு தழும்பு விழுந்ததோடு சரி.

இன்ஜினியர் செல்போனை எடுத்தார். மிஷினுக்குச் சொல்லத்தான்.

சங்கிலியம்மாள் கொழுந்தன் அழகுமலையைப் பார்த்தாள். அவன் கிணறு வெட்டுகிறவன். வேண்டாம் மதினி என்று கண்ணைக் காட்டினான்.

அவள் கேட்கவில்லை.

இரண்டு சதுரம் சேரும் இடுக்கில் உட்கார்ந்து, அதில் இறுகிக் கிடந்த தாரைச் சுரண்டி எடுத்தாள். ஆப்பு இறங்கியது. எட்டுக் கடப்பாரை சேர்ந்து நெம்பியதும் விளிம்பு எழும்பியது. அடியில் குண்டுக்கல்லைத் தள்ளினார்கள். அந்தரத்தில் நின்ற விளிம்பில் அழகுமலை ஒரே போடு.

குறுக்கே பிளந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சதுரம் சில்லுச் சில்லாகக் கிடந்தது. வேலை உங்களுக்குத்தான் என்றார் இன்ஜினியர். இந்த வித்தையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். அழகுமலை குனிந்து மடியில் பீடியைத் தேடினான்.

கைகால் கழுவ ஊருக்குள் வருகிறேன் என்றார் இன்ஜினியர். உங்களுக்கு எதுக்கு சார் இந்த வெயிலில் அலைச்சல் என்று நாலு பெண்கள் நாலு குடத்தோடு ஓடினார்கள். வேலையில்கூட அவர்கள் அப்படி ஓடியதில்லை.

பிறகு அவர் டேப்பைப் பிடித்து ஓடுபாதையை அளந்தார். வரைபடத்தில் நாலாயிரத்து ஐந்நூறு அடி. டேப்பில் அறுபது அடி குறைந்தது. மேற்குக் கோடியில் கருவேல முள்ளுக்குள் புகுந்து, சட்டையைக் கிழித்துக்கொண்டு மறுபடி அளந்தார்.

அதே அறுபது.

"ஏம்மா, மிச்சம் எங்க?"

கூட்டம் கடப்பாரைகளைப் பொறுக்கத் தொடங்கியது. இன்ஜினியர் கொடுத்த வேலையை அந்த இடத்திலேயே பிடுங்கிக்கொள்ளலாம். போலீசுக்கும் சொல்லலாம்.

"அம்புட்டு வருசமா வெயில்ல கெடக்குல்ல சார்," என்றாள் சங்கிலியம்மாள். "காஞ்சு சுருங்கியிருக்கும்."

அவர் அவளையே பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். வரைபடத்தில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணை எழுதினார்.

சாயங்காலம் சங்கிலியம்மாள் வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்தாள். நாளையிலிருந்து ஆத்தா காலையில் இங்கனதான் இருப்பேன் என்று மகளிடம் சொன்னாள். ஓவியா நம்பவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் உட்கார்ந்திருந்த படி ஒரே கான்கிரீட் பாளம். நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைப் பெயின்ட் கோடு, பிளேனை இறக்குகிறவன் கண்ணுக்குத் தெரிவதற்காகப் போட்டது. எதிர்வீட்டு அழகுமலையின் படியிலும் அதே கோடு. தெரு நெடுக முப்பது வீட்டிலும் உண்டு.

சாணி போட்டு மெழுகித்தான் வைத்திருக்கிறார்கள். நல்ல மழை பெய்தால் கோடு தெரியும்.