தனித் தட்டு

"எத்தனை தடவை கேட்டாலும் கிடையாது, ஃபியாம்மா. உனக்கு அந்தத் தனித் தட்டுதான். வெறும் சீஸும் அத்திப்பழமும். இந்த உப்புக்கறி வேகாதது, வயித்துப்பிள்ளைக்கு ஆகாது."

மாமியார் ஒர்னெல்லா மெல்லிய பன்றிக்கறித் துண்டுகளில் சீஸை வைத்துச் சுருட்டி அடுக்கினாள். கூடத்தில் அவள் மகன் துல்லியோ விருந்தாளிகளுக்கு ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அவன் பேசுறதைக் கேட்டியா! அப்பனாகப்போறேன்னு பார்மா ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிச்சாச்சு."

ஃபியாம்மா ஒரு சுருளை எடுத்து வாயில் போட்டாள்.

"அடிப்பாவி, துப்புடி! குழந்தை பிறக்கிறவரைக்கும் வாயைக் கட்ட முடியாதா?"

அவள் துப்பவில்லை. மெதுவாக மென்று விழுங்கினாள்.

"இனிமே நான் எதை வேணும்னாலும் சாப்பிடலாம்னு டாக்டரம்மா நேத்தே ரெண்டு தடவை ஸ்கேன் பார்த்துட்டுச் சொல்லிட்டாங்க, அத்தை. உங்க பிள்ளைகிட்ட... நீங்க சொல்றீங்களா?"