தோன்றா எழுவாய்

விமானம் புறப்பட இன்னும் ஒன்பது மணி நேரம்தான் இருக்கிறது என்று உள்ளே வந்ததுமே ரூமானா சொல்லிவிட்டாள். போகலாமா, கூடாதா? அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் அமிர்தவல்லிக்கு இது புதிதில்லை. புதுச்சேரியில் தெருவுக்கு நாலு வீட்டுப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். பிளேன் ஏறுகிற அன்றைக்குத்தான் பாதிப் பேருக்குக் காதுவலியும் தலைசுற்றலும் ஞாபகத்துக்கு வரும்.

கூட வந்திருந்த மாமியார் கனீஸ் பாத்திமா மருமகளை வாய் திறக்கவே விடவில்லை. தலைசுற்றல் என்று போனில் நேரம் கேட்டது காதில் விழுந்ததும் தானும் கிளம்பி வந்துவிட்டாராம். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, தலைசுற்றல் என்றால் வேறு என்னவாக இருக்கும், இதற்குப் போய் யாராவது காது டாக்டரிடம் வருவார்களா என்று கேட்டார்.

"பிளேன் கெளம்பறதுக்குள்ள எம்மவன் காதுல நல்ல சேதியப் போட்டுடணும், டாக்டரம்மா."

ரூமானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, மாமியாரை வெளியே அனுப்பும்படி கண்ணாலேயே கெஞ்சினாள். சோதனை செய்ய வேண்டும் என்று சொல்லி அமிர்தவல்லி அந்த அம்மாளை வெளியே உட்காரவைத்தார்.

கதவு சாத்தியதும், மாமி நினைப்பதற்கு வாய்ப்பே இல்லை என்று ரூமானா தாழ்ந்த குரலில் சொன்னாள். அமிர்தவல்லி தலையாட்டிவிட்டு விசாரிக்கத் தொடங்கினார்.

"எப்பல்லாம் சுத்துது?"

"படுத்துட்டுப் பொரண்டா. அப்புறம், அண்ணாந்து தலைக்கு மேல இருக்கிற சுவிட்சப் போடும்போது."

பழைய வீடுகளில் சுவிட்சுகளை எட்டாத உயரத்தில் வைத்திருப்பார்கள். முல்லா வீதிப் பக்கம் அப்படி எத்தனையோ வீடுகளை அமிர்தவல்லி பார்த்திருக்கிறார்.

மீதியை ரூமானா பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். முதலில் ஐந்தாறு நொடிதான். செவ்வாய்க்கிழமை அரை நிமிடத்தைத் தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் எதிரில் இருப்பதெல்லாம் ஒரே பக்கமாக ஓடும், எண்களைப் படிக்க முடியாது, உடம்பு சாய்கிறதா நேராக இருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

கட்டிலில் உட்காரவைத்துத் தலையை வலப்பக்கம் திருப்பி, அமிர்தவல்லி அவளைச் சட்டென்று மல்லாத்தினார். தலை கட்டிலின் விளிம்பைத் தாண்டித் தொங்கியது. காதுக்குள் கோளாறு இருந்தால் கண்மணி துடிக்கும். ரூமானாவின் கண்கள் அசையாமல் விட்டத்தைப் பார்த்தன.

இடப்பக்கமும் அப்படித்தான். சில நாள் வரும், சில நாள் வராது என்று அமிர்தவல்லி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வெளியே இன்னும் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள்.

காதுக்குள் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள் இருக்கும், அது இடம் மாறினால் இப்படிச் சுற்றும், உயிருக்கு ஆபத்தில்லை என்று விளக்கினார்.

"பிளேன்ல போறப்ப வந்தா?"

"வந்தா என்ன? பெல்ட்டப் போட்டுக்கிட்டுச் சாஞ்சு உக்காந்து கண்ண மூடிக்கணும். ஒரு நிமிஷத்துல சரியாயிடும்."

"கண்ண மூடக் கூடாதுன்னா?"

அமிர்தவல்லி எழுதுவதை நிறுத்தினார். அந்தப் பெண்ணின் நெற்றியில் வியர்த்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதல் தடவை பிளேன் ஏறுகிறவளோ என்னவோ.

அவள் மடியில் இருந்த போன் மூன்றாவது முறையாக மின்னியது. அஃப்னான் என்று பெயர் தெரிந்தது.

"வீட்டுக்காரரா? அவசரப்படுத்துறாரா?"

"அவங்க காலைலயே மெட்ராஸ் போயிட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு கேக்கறாங்க."

"போகலாம்னு சொல்லுங்க."

ரூமானா அந்த ஒற்றைச் சொல்லைத் தட்டினாள். ஆனால் அனுப்பவில்லை. திரையின் மேலேயே கட்டைவிரல் நின்றது.

பிரான்சுக்கா என்று அமிர்தவல்லி பேச்சுக்கொடுத்தார். சிங்கப்பூர் என்றாள். அப்படியென்றால் பயமே வேண்டாம், நாலு மணி நேரம்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்று சொல்லி மருந்துச் சீட்டைக் கிழித்து நீட்டினார். ஏறுவதற்கு முன்னால் ஒரு மாத்திரை போட்டால் போதும், நன்றாகத் தூக்கம் வரும்.

சீட்டை நீட்டிய கை அப்படியே நின்றது. ரூமானா வாங்கவில்லை.

"தூக்கம் வராத மாத்திர இல்லியா?"

அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தூங்கினா என்னம்மா? நீங்களா பிளேன ஓட்டப்போறீங்க?"

ரூமானா சிரிக்கவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே கனீஸ் பாத்திமா பேரப்பிள்ளைக்குப் பெயர் வைப்பது பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. போன் இன்னொரு முறை மின்னி அணைந்தது.

தட்டியிருந்த சொல்லை அழித்துவிட்டு, அவள் மேசைப் பக்கம் குனிந்தாள்.

"ஓட்டப்போறது அவங்க, டாக்டர். சுத்துறதும் அவங்களுக்குத்தான்."