கூட்டிச் சொன்ன வயது

"இன்னா சார் பன்னெண்டு? அந்தப் புள்ளைய ஒருதரம் நிமிந்து பாருங்க."

செவ்வந்தி மேசையைத் தட்டிய வேகத்தில் தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, மனை போட்டும் விலை போகாமல் கிடந்த இடத்தின் தார்ரோடுதான் அன்றைக்கு மாவட்ட ஸ்கேட்டிங் போட்டிக்கு மைதானம். வயதுச் சான்றிதழ் சரிபார்க்க உட்கார்ந்திருந்த தமிழழகன் நிமிர்ந்து பார்த்தார்.

ஓட்டம் தொடங்கும் கோட்டில் இசைவாணி நின்றாள். அவளுக்கு இரண்டு பக்கமும் பன்னிரண்டு வயதுக்காரிகள். அவர்கள் தோளுக்குக் கீழேதான் இவளுடைய ஹெல்மெட் தெரிந்தது.

"ஆளு சின்னதாத்தான் இருக்குது. ஆனா ஆதார்ல பன்னெண்டு, ஸ்கூல் சர்டிபிகேட்ல பன்னெண்டு. நான் இன்னாம்மா பண்றது?"

"அதுக்குப் பத்து வயசு. பத்து வயசுக்காரங்களோட வுடுங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

பின்னால் கார் கதவில் சாய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மா சிரித்தாள். "மலைலேர்ந்து வந்தாலும் விவரந்தான். சின்னப் புள்ளைங்களோட வுட்டு மெடல் அடிக்கப் பாக்குது."

செவ்வந்தி திரும்பினாள். "மொதல்ல ஒங்க புள்ளைக்கு வுழக் கத்துக் குடுங்க. அப்பறமா மெடலப் பேசலாம்."

அவள் பிள்ளைகளுக்கு முதல் பாடமே அதுதான். கல்வராயன் மலையில் மக்காச்சோளம் காயாத நாளெல்லாம் ஊர்க்களம் செவ்வந்தியுடையது. விடிந்ததும் அவளே கூட்டுவாள். ஒரு சோள மணி சக்கரத்தில் சிக்கினாலும் பிள்ளை குப்புற விழும்.

பதினொரு பிள்ளைகளுக்கு நாலு ஜோடி சக்கர ஷூ. சின்னக் கால்காரர்கள் முன்னால் துணி அடைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் யாரும் ஓடக் கூடாது. முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் விழுந்து, கையை ஊன்றாமல் எழ வேண்டும். களத்தில் எல்லாருக்கும் அவள் மிஸ்தான். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் நாலு சுற்று கூடுதல்.

இசைவாணி ஒரே நாளில் விழக் கற்றுக்கொண்டாள். ஒரு மாதத்தில், வளைவில் வலது காலை இடது காலுக்கு மேல் தூக்கிப் போட்டு, வேகம் குறையாமல் திரும்பினாள். அதைப் பார்த்த நாளிலிருந்து செவ்வந்திக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. மாநிலப் போட்டி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும்.

குறுக்கே இரண்டு வயது வந்து நின்றது.

"எல்லாரும் வயசக் கொறைச்சிக்கினு வருவாங்க. ஏத்திக்கினு வந்தத இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார் தமிழழகன். "எச்.எம். போட்ட தேதியா? ஒங்க மலையில எல்லாப் புள்ளையும் ஜூன் மாசத்துலயே பொறக்குதே, அது எப்படிம்மா?"

செவ்வந்தி சிரிக்கவில்லை. பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் போட்டாள். குழந்தை பிறந்தபோது தடுப்பூசி போட்ட அட்டை. ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தாலும் தேதி மட்டும் தெளிவாக இருந்தது.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குரல் இறங்கியது.

"பத்துதான். சரி, ஒண்ணு பண்ணு. அன்னைக்கு ஸ்கூல்ல யாரு தேதி சொன்னாங்களோ, அவங்க கைப்பட ஒரு லெட்டர் வேணும். நான் இப்பவே மாத்தி வுடறேன்."

"குடுத்தா?"

"தெரிஞ்சே தப்பு வயசு சொன்னவங்க பேரு லிஸ்ட்ல ஏறிடும். அப்பனோ ஆத்தாளோ கோச்சோ, இனிமே கிரவுண்டுக்குள்ள கால் வைக்க முடியாது. எச்.எம்.தான சொல்லியிருப்பாரு? அவருக்கு இன்னா நஷ்டம்? எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லு. பத்து நிமிஷம் இருக்குது."

அன்றைக்குத் தேதி சொன்ன அந்த ஆளை நினைத்தாலே செவ்வந்திக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பிள்ளையின் இரண்டு வருஷத்தை, வாய் கூசாமல், ஒரே வார்த்தையில் தின்ற ஆள். களம் கூட்டும்போதெல்லாம் விளக்குமாற்றோடு சேர்த்து அந்த ஆளையும் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

இசைவாணி உருண்டு வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், யாராச்சும் கேட்டா எனக்கு எத்தினி வயசுனு சொல்லட்டும்?"

செவ்வந்தி போனை எடுக்கவில்லை. தமிழழகன் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். தாள் கிழிகிற அழுத்தத்தில் எழுதினாள்.

*ஏழு வருஷத்துக்கு முன்னால் அம்மாவும் அப்பாவும் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். நான் பிளஸ் டூ. கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார விடமாட்டார்கள். மூணு வயசுக் குழந்தையை அஞ்சு என்று சொல்லி ஒண்ணாம் வகுப்பில் விட்டேன். எச்.எம். மேல் தப்பில்லை. கூட்டிச் சொன்ன அந்த ரெண்டு வயசில்தான் நான் பட்டதாரி ஆனேன்.*

கீழே கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: உடன்பிறந்த அக்கா.

தமிழழகன் படித்தார். பிறகு இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அதே மூக்கு.

"பத்து" என்றாள் செவ்வந்தி, தங்கையிடம். "பத்துனு சொல்லு. போய் நில்லு."

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, காற்றில் பறக்கப் பார்த்த தாளின் மேல் வைத்துவிட்டு, மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நடந்தாள்.