இடுப்பளவு மேடை

உப்பளத்துப் பெண்கள் தலைச்சுமையை இறக்கி இளைப்பாற அரசு கட்டிய மேடை இடுப்பளவே இருந்தது. அந்த உயரத்தைக் குறித்துக் கொடுத்த நிபுணர் நான்தான். பார்வையிடப் போனபோது, முத்துப்பேச்சி உப்புக் கூடையை அதில் இறக்கிவிட்டு, திரும்பத் தூக்க ஆளில்லாமல் நின்றாள்.

“தோளுயரம் இருந்தா நாங்களே குனிஞ்சு தலையில வாங்கிக்கிடுவோம். இத வரஞ்சவனோட அம்ம சொமையே தூக்கிருக்க மாட்டா, சார்.”

“மேலிடத்துல முடிவு பண்ணாங்க” என்றேன்.

“சரி, ஒரு கை குடுங்க.”

முழங்காலை மடக்கி, கூடையின் அடியில் கைகொடுத்து, ஒரே மூச்சில் அவள் தலைக்கு ஏற்றிவிட்டேன். அம்மாவுக்கு உப்புக்கூடை ஏற்றிவிட்டுப் பழகிய கைகள்.

முத்துப்பேச்சி நகராமல் என்னையே பார்த்தாள். “சாருக்கு இத ஆரு சொல்லிக்குடுத்தா?”

நான் டேப்பை எடுத்து, அளந்த மேடையையே மறுபடி அளக்கக் குனிந்தேன்.