ஒரு நாளைக்கு ஒரு நிபந்தனை

“பெத்தவங்க பிரிவையும் எடுத்துடும்மா. அப்புறம் பேசலாம்” என்ற செனட்டர் ஹால்வர்சன், மிரியம் கொண்டுவந்த மசோதா நகலைப் புரட்டக்கூட இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அதன் மேலேயே வைத்தார்.

குழந்தையாக அமெரிக்காவுக்குத் தூக்கிவரப்பட்டு, இன்னும் உரிய காகிதம் இல்லாமல் வாழ்கிறவர்களுக்கான மசோதா அது. தூக்கிவந்த அப்பா அம்மாவையும் இங்கேயே இருக்கவிடும் பிரிவை எழுதியவள் அவள்தான்.

நிறைவேற ஒரே ஒரு ஓட்டுதான் குறைந்தது. அது இந்தக் கிழவரின் கையில். கறாராகப் பேரம் பேசுவதில் வாஷிங்டனில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று கட்சித் தலைவரே மிரண்டு போயிருந்தார்.

அதனால் தலைவரின் ஆலோசகரான மிரியம், வாரம் முழுக்கக் கிழவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கல்லில் நார் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லைக்கு இன்னும் காவலர்கள் வேண்டும் என்றார், கொடுத்தாள். வயது வரம்பைக் குறைக்கச் சொன்னார், குறைத்தாள்.

“கேக்கறதை எல்லாம் இன்னைக்கே கேட்டுடுங்க சார்.”

“ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். சாப்பிடு, ஆறிடப்போகுது.”

மறுநாள் காலை தலைவர் யோசிக்கவே இல்லை, பெற்றோர் பிரிவை வெட்டச் சொல்லிவிட்டார். மிரியம் கழிவறையில் அழுது முகம் கழுவிக்கொண்டு வந்து வெட்டினாள். கிழவர் அடுத்த நிபந்தனையோடு வருவதற்குள், தலைவர் மசோதாவை ஓட்டுக்கு விட்டார்.

பெயர் கூப்பிட்டதும் ஹால்வர்சன் சற்றுத் தடுமாறி எழுந்தார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதே, ‘ஆம்’ என்றார். மசோதா நிறைவேறியது.

நடைபாதை முழுக்க ஒரே கொண்டாட்டம். அதில் கலந்துகொள்ள மிரியமால் முடியவில்லை. இத்தனை நாளும் கிழவரை மொய்த்த கூட்டத்தில் ஒருவர்கூட இப்போது அவர் பக்கம் இல்லை. மேல்கோட்டைக் கையில் பிடித்தபடி தூணோரம் தனியாக நின்றார்.

நேரே அவரிடம் போனாள்.

“அந்தப் பெத்தவங்க உங்களுக்கு என்ன சார் பாவம் பண்ணாங்க?”

கிழவர் மேல்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அதை மட்டும் நீங்கல்லாம் விட்டுக்கொடுக்கவே மாட்டீங்கன்னு நினைச்சேன்” என்றார்.

“தெரிஞ்சும் ஏன் கேட்டீங்க?”

“நாளைக்கும் நீ சாப்பிட வருவியேன்னுதாம்மா.”